மங்கல் எங்கிருந்து வருகிறது?

வணக்கம் நேயர்களே. காட்டுயிர்ப் படம் எடுப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை, "ஃபோகஸ் சரியாக விழவில்லை" என்பது. அந்தப் படங்களைக் கணினியில் 100 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். பலவற்றில் ஃபோகஸ் சரியாகவே இருக்கும். மங்கலுக்குக் காரணம் வேறாக இருக்கும். ஆகவே கேமராவில் எதையும் மாற்றுமுன் மங்கலின் வகையைக் கண்டுபிடியுங்கள்.

மான் மங்கலாகவும், அதற்கு முன்னோ பின்னோ உள்ள புல் தெளிவாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. மானும் புல்லும் மரமும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கேமரா ஆடியிருக்கிறது. கிளை தெளிவாக இருக்க, பறவையின் தலை மட்டும் கலைந்திருந்தால் அசைந்தது பறவை. தொலைவில் எல்லாமே நெளிந்து தெரிந்தால் அது கானல். வெயிலேறிய தரைமேல் எழும் சூடான காற்றை எந்த விலையுயர்ந்த லென்ஸாலும் வெல்ல முடியாது. காலையில் சீக்கிரம் போவதும், இடைத்தூரத்தைக் குறைப்பதும்தான் வழி.

பெரும்பாலும் குற்றவாளி ஷட்டர் வேகம், அதாவது ஒரு படத்துக்காக ஷட்டர் திறந்திருக்கும் நேரம். 500 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்தால் 1/500 நொடிக்குக் கீழே இறங்க வேண்டாம். லென்ஸிலுள்ள ஸ்டெபிலைசர் (அதிர்வைக் குறைக்கும் அமைப்பு) உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும். மான் தலை திருப்புவதை அது நிறுத்தாது. நடக்கும் விலங்குக்கு 1/800, ஓடும் விலங்குக்கு 1/1600, பறக்கும் பறவைக்கு 1/2000 முதல் 1/3200 வரை வையுங்கள். வெளிச்சம் போதாதபோது ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன் அளவு, 3200, 6400 என்று ஏறட்டும். அதனால் வரும் புள்ளிகளை மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம். அசைவில் கலைந்த கண்ணை மீட்பது அரிது.

அடுத்து, தெளிவாக விழும் ஆழம், அதாவது முன்னிருந்து பின்வரை எவ்வளவு தூரம் படத்தில் தெளிவாக இருக்கும் என்பது. அது எவ்வளவு குறைவு என்பதைப் பலர் உணர்வதில்லை. ஃபுல் ஃபிரேம் கேமராவில் (36 x 24 மி.மீ. அளவு சென்சார் உள்ளது) 500 மி.மீ. லென்ஸ், அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறிதாகும், ஆழம் கூடும்) 5.6, பறவை 10 மீட்டரில் என்றால், தெளிவாக இருப்பது ஏறக்குறைய 13 செ.மீ. மட்டுமே. அதே பறவை 5 மீட்டருக்கு வந்துவிட்டால் 3 செ.மீ.க்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அலகில் ஃபோகஸ் விழுந்தால் கண் மங்கலாகிவிடும். அந்த 5 மீட்டரில் அப்பர்ச்சரை 8 ஆக்கினாலும் 5 செ.மீ. கூடக் கிடைக்காது. அதைவிட, பறவை பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருப்பது நல்ல பலன் தரும். இரண்டு விலங்குகள் இருந்தால் இரண்டு தலைகளும் கேமராவிலிருந்து சம தூரத்துக்கு வரும் கணத்தில் அழுத்துங்கள்.

ஃபோகஸ் முறையை, அசையும் விலங்கை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸில் வையுங்கள். சில கேமராக்களில் அதற்கு ஏஎஃப்-சி என்றும், சிலவற்றில் ஏஐ செர்வோ என்றும் பெயர். புதிய கேமராக்களின் கண் கண்டறியும் வசதி அருமையானது. ஆனால் முகத்தின் குறுக்கே புல் வந்தால் அது சிலசமயம் புல்லைப் பிடித்துக்கொள்ளும். அப்போது ஒற்றை ஃபோகஸ் புள்ளிக்கு மாறி, அதைக் கண்மேல் வையுங்கள். வானத்தில் பறப்பவற்றுக்குப் பெரிய ஃபோகஸ் பரப்பு போதும். பர்ஸ்ட் (பட்டனை விடாமல் அடுத்தடுத்துப் படம் எடுப்பது) தொடங்குமுன் அரை நொடியாவது பறவையை ஃபோகஸில் பின்தொடருங்கள். ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்தால், பறவை இருக்கும் தூரத்திலுள்ள தரையில் ஒருமுறை ஃபோகஸ் செய்துவிட்டுத் திரும்புங்கள். லென்ஸில் தூர வரம்பு சுவிட்ச் இருந்தால் அருகிலுள்ள பகுதியை விலக்கிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். கேமராவை ட்ரைபாடில் பூட்டி, அச்செழுத்து உள்ள தாளை நேராக நிறுத்தி, அருகில் ஓர் அளவுகோலைச் சாய்த்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு, தாளில் ஃபோகஸ் செய்து 10 படம் எடுங்கள். டிஎஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி உள்ள கேமரா) பத்திலும் அளவுகோலின் ஒரே பக்கம் தெளிவு விலகினால், கேமராவில் ஃபோகஸ் திருத்த மெனு இருந்தால் அதில் சரிசெய்யலாம். படத்துக்குப் படம் வெவ்வேறு பக்கம் விலகினால் அந்தத் திருத்தம் உதவாது. லென்ஸைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். மிரர்லெஸ் கேமரா (அந்தக் கண்ணாடி இல்லாதது) படம் பதியும் சென்சாரிலேயே ஃபோகஸ் செய்வதால் பொதுவாக இந்தத் திருத்தம் தேவைப்படாது.