பலாவைத் தட்டிப் பார்க்கிற கை: 'தட்டு' என்ற சொல்லின் கதை

(காட்சி: பர்லியார். சாலையோரப் பழக்கடை, குவிந்து கிடக்கும் பலா.)

வணக்கம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிற வழியில், பர்லியாரில் நிற்கிறோம். கடைக்கார அக்காவின் விரல்களைக் கவனியுங்கள். ஒரு பலாவைத் தட்டுகிறார். கெட்டியாக, 'கிண்' என்று கேட்கிறது. காய். தள்ளி வைக்கிறார். அடுத்தது 'தொம் தொம்' என்கிறது.

"இதை எடுத்துக்குங்க தம்பி, நாளைக்கு வெட்டலாமுங்க."

அவர் பழத்தை அடிக்கவில்லை, குட்டவில்லை, கொட்டவில்லை. தட்டினார். குட்டுவதற்கு விரல் முட்டி வேண்டும், வாங்கிக்கொள்ள ஒரு தலையும் வேண்டும். மேளம் கொட்டுவோம், தேளும் கொட்டும். தட்டும்போது மட்டும் கை பட்டதும் திரும்பி, பதிலுக்குக் காத்திருக்கிறது. கதவைத் தட்டிவிட்டு நிற்கிறோமே, அதுபோல. பொன்னைத் தட்டித் தட்டி நகையாக்குகிறவருக்குத் தட்டான் என்றே பெயர்.

(காட்சி: மலைப்பாதை, மேலே போகும் வண்டி.)

சரி, இந்தச் சொல்லுக்கு எவ்வளவு வயது? அதற்கான தடயம் இதே மலையின் உச்சியில் இருக்கிறது. கனடாவில் பிறந்த எமனோ என்ற மொழியியலாளர் 1935 முதல் 1938 வரை இந்தியாவில் இருந்தார். நீலகிரியில் கோத்தர், தொதவர், படகர் பேசுவதை நேரில் கேட்டு எழுதிக்கொண்டார். அப்புறம் பரோ என்பவருடன் சேர்ந்து 1961-இல் திராவிட வேர்ச்சொல் அகராதியை வெளியிட்டார். அதில் நம் 'தட்டு'க்குப் பக்கத்திலேயே மலையாளத்தின் 'தட்டுக', கன்னடத்தின் 'தட்டு', கோத்தரின் 'தட்', தொதவரின் 'தொட்' எல்லாம் வரிசையாக நிற்கின்றன. ஒரே வேர். இந்த மொழிகள் தனித்தனியாகப் பிரியும் முன்பே இருந்த சொல்.

அந்தப் பதிவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஒருவரைச் சாபம் பிடிப்பதைக் கோத்தர் 'தட்' என்கிறார்கள். பாவம் வந்து சேர்வதைத் தொதவர் 'தொட்' என்கிறார்கள். கையே இல்லாத தட்டல்!

வேற்று மொழி என்று ஒதுக்கிவிடாதீர்கள். நமக்கும் வேலையில் அலுப்புத் தட்டுகிறது. திடீரென்று பொறி தட்டுகிறது. தேடிய பொருள் கண்ணில் தட்டுப்படுகிறது. இவற்றை எந்தக் கை தட்டியது?

(காட்சி: பலாவின் முள்தோல், மிக அருகில். மேலே அக்காவின் விரல்கள். 'தொம்.')