நாய்களுக்கு நடுவே ஒரு நடைபாதை

(தலைப்பு: அமெரிக்கக் கறுப்பின மக்களின் சிவில் உரிமைப் போராட்டத்தை மறக்காமல் வைத்திருப்பது ஆவணமா, கலையா? ‘கலையே’ அணியின் உரை.)

நடுவர் அவர்களுக்கும் அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் ஐயா ஒரு கேள்வியை வைத்துவிட்டுப் போனார். “1960இல் அடி வாங்கியவர் ஒருவர். இன்று அதை நடித்துக் காட்டுபவர் வேறொருவர். நடிப்பு எப்படி வரலாறு ஆகும்? நீதிமன்றப் பதிவும் காவல்துறைக் குறிப்பும்தான் வரலாறு” என்றார். இதை ‘ஏட்டுச் சுரைக்காய்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பழைய தாள்களைத் தேடி எடுத்தவர்கள் இல்லையென்றால் இந்த மேடையில் நான் சொல்வதற்கே ஒன்றும் இருந்திருக்காது.

ஆனால் ஐயா, போராட்டம் முடிந்த பிறகு நடிப்பு வந்தது என்று நினைக்கிறீர்களே, அங்கேதான் நான் மாறுபடுகிறேன். நடிப்புதான் முதலில் வந்தது.

டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரம். ஜேம்ஸ் லாசன் என்றொரு இளம் போதகர். நாக்பூர்க் கல்லூரி ஒன்றில் வேலை பார்த்து, காந்தியின் வழியைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர். 1959இல் தேவாலயத்தில் கல்லூரி மாணவர்களைக் கூட்டிவைத்துப் பயிற்சி கொடுத்தார். என்ன பயிற்சி? நாடகம்தான். சிலர் வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறும் உணவகத்தில் சாப்பிட உட்கார்ந்த கறுப்பின மாணவர்கள். மற்றவர்கள் அவர்களைத் துரத்த வந்த வெள்ளையர்கள். கூடப் படிக்கும் நண்பனே தலைமுடியைப் பிடித்து இழுப்பான். முகத்தில் சிகரெட் புகையை ஊதுவான். காது கூசும் சொற்களைச் சொல்வான். திருப்பி அடிக்கக் கூடாது, எழுந்து ஓடவும் கூடாது. 1960 பிப்ரவரியில் நிஜமான உணவகத்துக்குப் போய் உட்கார்ந்தபோது அவர்களைத் தாங்கியது அந்த ஒத்திகை. மே மாதம் நகரின் மையத்தில் இருந்த உணவகங்கள் அவர்களுக்குப் பரிமாறத் தொடங்கின.

ஆக, இன்று அந்தக் காட்சியை நடித்துப் பார்ப்பவர்கள் போராளிகளைப் போலி செய்யவில்லை. போராளிகள் எந்த வழியில் தயாரானார்களோ, அதே வழியில் அவர்களிடம் போகிறார்கள்.

அட்லாண்டாவில் 2014இல் திறந்த சிவில் உரிமை, மனித உரிமை மையத்தின் காட்சிக்கூடத்தை உருவாக்க ஒரு நாடக இயக்குநரை அழைத்தார்கள், ஜார்ஜ் வுல்ஃப். அங்கே ஓர் உணவக மேசை இருக்கிறது. உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டி, இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். காதருகே மிரட்டல் தொடங்கும். உட்கார்ந்திருக்கும் இருக்கை அதிரும். எவ்வளவு நேரம் தாங்கினீர்கள் என்று எதிரே கடிகாரம் காட்டும். ‘மாணவர்கள் பொறுமை காத்தனர்’ என்று ஏட்டில் மூன்று சொல்லில் முடிந்துபோவதை, அங்கே உங்கள் முதுகெலும்பு படிக்கிறது.

அப்புறம் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம். 1963 மே மாதம் இனப்பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகள் அங்கே ஊர்வலம் போனார்கள். காவல்துறை நாய்களை ஏவியது, தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சியது. அந்தப் பிள்ளைகள்மேல் போட்ட குற்றச்சாட்டு என்ன தெரியுமா? அனுமதி இல்லாமல் ஊர்வலம் போனார்களாம். ஐயா கேட்கும் ஆவணத்தில் இருப்பது அதுதான். அதே இடத்தில், கெல்லி இங்ரம் பூங்காவில், ஜேம்ஸ் டிரேக் என்ற சிற்பி நடைபாதையின் இருபுறமும் சுவர் எழுப்பி, அதிலிருந்து உலோக நாய்கள் பாய்ந்து வருவதுபோல் செய்திருக்கிறார். பாதை அந்தப் பற்களுக்கு நடுவேதான் போகிறது. உயிரில்லாத நாய்தான். ஆனாலும் ஒரு குழந்தையின் உயரத்திலிருந்து அதை நினைத்துப் பாருங்கள்.

ஆவணம் யார் கையில் இருந்தது என்பதையும் கேட்க வேண்டும். 1955இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். வெள்ளைக்கார ஆண்கள் மட்டுமே இருந்த ஜூரி சுமார் ஒரு மணி நேரத்தில், குற்றம் சாட்டப்பட்ட வெள்ளையர் இருவரையும் விடுவித்தது. சில மாதங்களில் அந்த இருவருமே, காசு வாங்கிக்கொண்டு, ஒரு பத்திரிகையிடம் கொன்றது நாங்கள்தான் என்றார்கள். நீதிமன்றத் தாளில் இன்றும் இருப்பது ‘குற்றவாளி அல்ல’. உண்மையைக் காப்பாற்றியது அந்தத் தாய். மகனின் சவப்பெட்டியை மூடாதீர்கள், எல்லோரும் பார்க்கட்டும் என்றார். சிகாகோவில் ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். அதைக் கலை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் கண்ணுக்கு முன்னால் வைப்பதன் வலிமையை அவரைவிட யாரும் அறிந்திருக்க முடியாது.

கலை தவறே செய்யாது என்று நான் வாதிடவில்லை. அதே சிறுவனின் முகத்தை வெள்ளையினப் பெண் ஓவியர் ஒருவர் வரைய, 2017இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் அது மாட்டப்பட்டது. எங்கள் துயரம் உங்களுக்குக் கச்சாப்பொருளா என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த எதிர்ப்பு எப்படி நடந்தது? ஒரு கறுப்பினக் கலைஞர் ஓவியத்துக்கு முன்னால் போய், மற்றவர்கள் அதைப் பார்க்க முடியாதபடி மறைத்துக்கொண்டு நின்றார். அவர் கையிலெடுத்ததும் நிகழ்த்துகலைதான்.

கடைசியாக ஒரே ஓர் ஓவியம். நார்மன் ராக்வெல் வரைந்து 1964இல் வெளியானது. 1960 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையர் பள்ளிக்குப் போன ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ்தான் அதற்குத் தூண்டுதல். வெள்ளை கவுன் போட்ட குழந்தை கையில் புத்தகத்தோடு நடக்கிறாள். காவலுக்கு வரும் நான்கு அதிகாரிகளின் தலைகள் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டன. சுவரில் வசைச்சொல், எறிந்த தக்காளி உடைந்து வழிகிறது. எறிந்த கூட்டத்தை மட்டும் அவர் வரையவில்லை. அந்தக் கூட்டம் எங்கே நின்றிருக்கும்? படத்துக்கு எதிரே, பார்க்கிறவர் நிற்கும் அதே இடத்தில்.

நடுவர் அவர்களே, ஒரு நிமிடம் அங்கே நின்றுவிட்டு வந்து தீர்ப்புச் சொல்லுங்கள்.