‘ஆர்கியூ’ பண்ணலாமா?

அவைத் தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, என்னைத் தேடி வந்து அழைத்த ஆங்கிலத் துறைத் தலைவர் அம்மையார் அவர்களே, கோர்ட் வேலையை விட்டுவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வழக்கறிஞர் சங்க நிர்வாகிகளே, பொன்னாடை போர்த்திய பேரூராட்சித் தலைவர் அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

‘ஆர்கியூ’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அது பிறந்த கதை, அதன் பொருள்கள், அதற்குப் பின்னால் வந்து ஒட்டும் குட்டிச் சொற்கள், கணக்கிலும் கணினியிலும் அது போடுகிற வேஷம் என்று நான்கையும் சொல்லப்போகிறேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது என் பாட்டி அடிக்கடி சொன்ன பழமொழி. அதை நம்பித்தான் மேடை ஏறியிருக்கிறேன்.

லத்தீனில் ‘அர்குவெரே’ என்றால் தெளிவாக்குவது, நிரூபிப்பது, குற்றம் சாட்டுவது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வெள்ளியைக் குறிக்கும் ‘அர்கென்டும்’ இதற்கு உறவு என்கிறார்கள் சொல்லாராய்ச்சிக்காரர்கள். பளபளக்க வைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாமும் பாத்திரத்தை விளக்குகிறோம், பாடத்தையும் விளக்குகிறோம்!

இன்றைக்கு அதற்கு முக்கியமாக இரண்டு பொருள். ஒன்று வாய்ச்சண்டை, மற்றது காரணம் காட்டி நிறுவுவது. ‘வித்’ சேர்ந்தால் எதிரே ஓர் ஆள் நிற்கிறார். ‘ஓவர்’ சேர்ந்தால் எதற்காகத் தகராறு என்பது வந்துவிடும். ‘ஃபார்’ சேர்ந்தால் ஒன்றுக்கு ஆதரவாகப் பேசுகிறோம்.

இந்த இரண்டு பொருளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர். வரப்புத் தகராறு. முன்சீப் கோர்ட்டில் தமிழில் நடந்தவரை, வக்கீல் விட்ட ஒரு பாயிண்டைக்கூட இவரே எடுத்துக் கொடுத்தார். வழக்கு இரண்டாம் மேல்முறையீடாக உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, திருநீறு பூசிக்கொண்டு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார். இரண்டு வக்கீல்களும் மாறி மாறி ஆங்கிலத்தில் பேசினார்கள். நம்மவர் கை உயர்ந்தால் இவர் தலையாட்டினார். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தபோது இவருக்கு வயிற்றைக் கலக்கியது. வெளியே வந்த வக்கீல், “ஐயா, பிரமாதமா ஆர்கியூ பண்ணிட்டேன்” என்றார். பெரியவர் முகம் வெளுத்துவிட்டது. ஊருக்கு வந்ததும் என்னிடம், “ஏன் தம்பி, என் பேரன் ஆர்கியூ பண்றான்னு பள்ளிக்கூடத்துல வெளியே நிறுத்துறாங்க. அதையே பண்ணுனதுக்கு இவருக்கு நான் ஃபீஸ் கட்டணுமா?” என்றார். (சிரிப்பு)

சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் அவருடைய நிலத்தைப் பற்றி அத்தனை பேரும் பேசினார்கள், அவருக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்குமாம்! எந்த வாய்? பல துறைகளைக் கற்றுத் தேர்ந்த ஆசிரியர்கள் வாதுக்கு அழைத்துக் கொடி ஏற்றியிருந்த காவிரிப்பூம்பட்டினத்தைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அந்தத் தமிழுக்கு உயர் நீதிமன்றத்தில் இடம் இல்லை.

சட்டத்தில் வழி இருக்கிறது. அரசியலமைப்பின் 348-ஆவது பிரிவுப்படி, உயர் நீதிமன்றத்தில் மாநில மொழியைப் பயன்படுத்த, குடியரசுத் தலைவரின் முன் ஒப்புதலோடு ஆளுநர் அனுமதி தரலாம். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய நான்கிலும் இப்படித்தான் இந்தி நுழைந்தது. நம் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் போட்டது. 2012-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் முழு அமர்வு அதை ஏற்கவில்லை. ஏற்கவில்லை என்றால் மறுபடி கேட்க வேண்டியதுதானே? ஆங்கிலத்தைத் துரத்தச் சொல்லவில்லை. ஆங்கிலத் துறை மேடையில் நின்று அப்படிச் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை. தமிழிலும் வாதாட விடுங்கள் என்கிறோம். வாயுள்ள பிள்ளைக்கு அந்த வாயைத் திறக்க அனுமதி கொடுங்கள்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அப்புறம் அந்தக் கணக்கும் கணினியும்... அதை அம்மையார் வகுப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வாசலில் கோரிக்கை மனு வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.