தொகோரோவா, பக்கரியா? ஹஸு எங்கே வரும்?

ஜப்பானிய மொழி படிக்கும் நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “‘தபெத்தா தொகோரோ’, ‘தபெத்தா பக்கரி’ இரண்டுக்குமே ‘இப்போதுதான் சாப்பிட்டேன்’ என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன். பிறகு எதற்கு இரண்டு? ஹஸுவும் பிடிபடவில்லை.”

நீங்கள் எழுதி வைத்தது தப்பில்லை, பாதிதான். தொகோரோ என்றால் இடம். அதன் முன்னால் வினையை வைத்தால், வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று காட்டும். நம் பெயரெச்சம் மாதிரியேதான், ‘போகிற இடம், போன இடம்’ என்பதுபோல. தபெரு தொகோரோ: இலை போட்டாயிற்று, உட்காரப் போகிறேன். தபெத்தே இரு தொகோரோ: கை சோற்றில் இருக்கிறது. தபெத்தா தொகோரோ: கை கழுவி வருகிறேன்.

பக்கரி கடிகாரம் பார்க்காது. அது சொல்பவரின் மனக்கணக்கு. ஜப்பானுக்கு வந்து 3 மாதம் ஆனவரும் ‘நிஹோன் நி கித்தா பக்கரி தெஸ்’ எனலாம், யாரும் சிரிக்கமாட்டார்கள். அங்கே தொகோரோ போட்டால், பெட்டியோடு விமான நிலையத்தில் நிற்கிறீர்கள் போலிருக்கிறது என்று நினைப்பார்கள். புதிதாக வாங்கிய குடையை ‘கத்தா பக்கரி நோ கஸா’ என்பார்கள். தொகோரோவை அப்படிப் பெயர்ச்சொல்லோடு ஒட்டமுடியாது.

ஜப்பானியர்களிடம் ‘சோபா கடை டெலிவரி’ என்று ஒரு கேலி வழக்கு உண்டு. சாப்பாடு இன்னும் வரவில்லையே என்று சோபா நூடுல்ஸ் கடைக்கு போன் செய்தால், ‘இமா தெத்தா தொகோரோ தெஸ்’, இதோ இப்போதுதான் கிளம்பினார் என்பார்களாம். உள்ளே நூடுல்ஸ் வெந்துகொண்டிருக்கும்! தொகோரோ அவ்வளவு துல்லியமான சொல் என்பதால்தான் அந்தப் பொய்க்கு ருசி.

ஹஸு, காரணத்தோடு எதிர்பார்ப்பதைச் சொல்லும் சொல். அதில் நம்மைக் கவிழ்ப்பது நம் ‘வேண்டும்’. “10 மணி வண்டியில் ஏறினார், இந்நேரம் வந்திருக்க வேண்டும்” என்கிறோம். “நீ கட்டாயம் வர வேண்டும்” என்றும் சொல்கிறோம். முதலாவது மட்டுமே ஹஸு: ‘மோ த்ஸுயித்தா ஹஸு தெஸ்’. இரண்டாவது கடமை, அதற்கு ‘நகெரெபா நரனை’ இருக்கிறது. அம்பின் வால்முனையில் நாண் உட்காரும் வெட்டுக்கு ஹஸு என்று பெயர். அதிலிருந்து வந்த சொல் இது. நாண் அந்த வெட்டில் பொருந்துவதுபோல, கையில் இருக்கும் காரணத்தோடு எதிர்பார்ப்பு பொருந்தவேண்டும். காரணமே இல்லாத வெறும் ஊகத்துக்கு ‘தரோ’ போதும்.

உங்கள் சொந்தத் திட்டத்துக்கு ஹஸு போடாதீர்கள். ‘நாளை நான் போகிறேன்’ என்பதற்கு ‘இகு த்ஸுமோரி தெஸ்’தான்.

எதிர்மறையில் கவனம். ‘கொனை ஹஸு’ என்றால், எனக்குத் தெரிந்தவரை வரமாட்டார். ‘குரு ஹஸு கா நை’ என்றால், அவராவது, வருவதாவது! ‘குரு ஹஸு தத்தா’ என்றால், வருவதாக இருந்தது, வரவில்லை. மணி ஒன்று ஆகியும் சோபா வரவில்லை என்றால், அடுத்த போனில் இதைச் சொல்லிப் பாருங்கள்.