கடலுக்கு முதுகு காட்டி ஒரு மணி நேரம்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

தனுஷ்கோடிக்கு ஒரு தடவையாவது போய் வராத குடும்பம் நம் தென்மாவட்டங்களில் குறைவு. இராமேசுவரத்தில் தீர்த்தமாடி, சுவாமி தரிசனம் முடித்து, வண்டியைக் கிழக்கே விட்டால் அரிச்சல்முனை. அங்கே இறங்கி, அலையில் கால் நனைத்து, நாலு படம் எடுத்துக்கொண்டு, பொரித்த மீனும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். போகிற வழியில் வண்டியின் இடது பக்க ஜன்னலில், தூரத்துத் தண்ணீரில் வெள்ளையாக ஏதோ வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கொக்கு என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்பீர்கள். இன்று நான் பேச வந்தது அந்த இடது பக்க ஜன்னலைப் பற்றித்தான்.

நான் மதுரையில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பறவை பார்க்கத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. போன தை மாதம் அக்கா குடும்பத்தோடு தனுஷ்கோடிக்கு ஒரே நாளில் போய் வந்தேன். அக்காவுக்குக் கோயில், அத்தானுக்கு மீன், அவர்களுடைய எட்டு வயதுப் பேத்திக்கு அலை, எனக்குப் பறவை. அதிகாலை மூன்று மணிக்கே கிளம்பிவிட்டதால் நாலு பேர் ஆசைக்கும் நேரம் இருந்தது. பாம்பனில் டீ குடித்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. சூரியன் எழும்பி ஒரு ஆள் உயரம் வருவதற்குள் கோதண்டராமர் கோயில் பக்கம் போய்விட்டோம்.

இராமேசுவரத்திலிருந்து அந்த இடம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து கிளம்பிய பயணிகள் ரயில் அதில் இருந்தவர்களோடு கடலில் போயிற்று. அந்தப் புயலிலும் இந்தக் கோயில் நின்றது. கோயிலைச் சுற்றி ஆழமில்லாத உப்புத் தண்ணீர் பரந்து கிடக்கிறது. பல இடங்களில் முழங்கால் ஆழம்கூட இருக்காது. சேறும் மணலும் கலந்த அடித்தரை. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுமில்லாத வெளி. ஆனால் அந்தச் சேற்றில் புழுவும் நத்தையும் கண்ணுக்குத் தெரியாத இறால் குஞ்சும் நிறைந்திருக்கின்றன. பறவைகள் இங்கே வருவது அதற்காகத்தான்.

ஒரு சின்ன உபாயம் சொல்கிறேன். தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். ரோட்டோரம் உட்கார்ந்து வடக்கே பார்த்தால், காலையோ மாலையோ, வெயில் நம் முதுகுப் பக்கம்தான் விழும். பறவையின் மேல் வெளிச்சம் நேராகப் படும், கண் கூசாது. தெற்கே இருக்கும் பெரிய கடலுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும், அவ்வளவுதான். கூட்டம் முழுக்க அலைப் பக்கம் போய்விடுவதால் இந்தப் பக்கம் நமக்கு இடைஞ்சலும் இல்லை.

அன்று நாங்கள் உட்கார்ந்தபோது ஏறக்குறைய 200 பூநாரைகள், அதாவது ஃபிளமிங்கோக்கள், நின்றன. வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. கூட்டம் முழுவதும் காற்றை எதிர்த்து ஒரே திசை பார்த்து நின்றது. பூநாரை என்றதும் படத்தில் பார்த்த கருஞ்சிவப்பு நினைவுக்கு வரும். நம் ஊருக்கு வருகிற பெரிய பூநாரை அப்படி இல்லை. உடம்பு வெள்ளை, அதில் லேசாக ரோஜா நிறம் ஓடியிருக்கும். கால் நல்ல ரோஜா. அலகின் நுனி கறுப்பு. இளசுகள் சாம்பல் நிறம். அவை நிறம் பிடிக்கச் சில வருடங்கள் ஆகும். அந்த நிறமே தின்னும் உணவிலிருந்துதான் வருகிறது.

பைனாகுலரைப் பேத்தி கையில் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு பறவையை மட்டும் பார் என்றேன். கொஞ்ச நேரத்தில், "சின்னப் பாட்டி, அது தலையைத் தலைகீழா வச்சு சாப்பிடுது" என்றாள். அதேதான். மேல் அலகு கீழே வரும்படி தலையைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் விடும். தடித்த நாக்கு பம்பு மாதிரி வேலை செய்து தண்ணீரை உள்ளே இழுக்கும், வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் சீப்புப் பல் போல் இருக்கும் வரிசைகளில் இரை தங்கிவிடும். வீட்டில் டீ வடிகட்டுகிறோமே, அதே வேலை. இரை கிளம்பவில்லை என்றால், நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி மிதித்துச் சேற்றைக் கலக்கும். அப்படியே சுற்றிச் சுற்றி வருவதால் சேற்றில் வட்டமாக ஒரு தடம் விழும். தண்ணீர் வற்றிய ஓரத்தில் அந்த வட்டங்களை நாங்கள் பார்த்தோம். உழக்கு, படி, மரக்கால் என்று ஒவ்வொரு அளவிலும் கவிழ்த்து எடுத்தது போல இருந்தன.

இந்தியாவில் இவை பெருங்கூட்டமாகக் கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் உப்புவெளியில். சேற்றைக் குவித்து ஒரு சின்ன மேடு. அதன் உச்சிக் குழியில் ஒரே ஒரு முட்டை. 1945இல் பறவை அறிஞர் சலீம் அலி அங்கே போய்ப் பார்த்து, ஐந்து லட்சம் பூநாரைகள் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார். ஐந்து லட்சம் பறவை ஒரே இடத்தில் இரைந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் பல தடவை நினைத்துப் பார்த்ததுண்டு. கேட்கக் கொடுத்துவைத்தவர் அவர்.

சரி, பூநாரை பெரிய பறவை, அதை யாரும் காட்டாமலே பார்த்துவிடலாம். எனக்கு உண்மையான ஆசை அதன் காலடியில் ஓடித் திரியும் சின்னவைகள் மேல். தூரத்திலிருந்து பார்த்தால் சேறே நகர்வது போலத் தெரியும். உற்றுப் பார்த்தால் அவற்றில் இரண்டு சாதி இருப்பது விளங்கும். உப்புக்கொத்தி நாலடி ஓடும், டக்கென்று நிற்கும், பார்க்கும், குனிந்து கொத்தும். மறுபடி ஓட்டம். அதற்குக் கண் பெரிது. கண்ணால் கண்டு பிடிக்கிற வேட்டை அது. உள்ளானுக்கு அலகு நீளம். அது நிற்காமல் தையல் மிஷின் ஊசி மாதிரி சேற்றில் குத்திக்கொண்டே போகும். அலகின் நுனியில் உணர்ச்சி அதிகம், தொட்டுத் தொட்டுத் தேடுகிறது. இந்த ஒரு வித்தியாசத்தைக் கண்டுகொண்டாலே பாதிப் பறவைகள் பிடிபட்டுவிடும்.

அந்த உள்ளான்களில் ஆகச் சிறியது கொசு உள்ளான். எடை 25 கிராம் இருந்தால் அதிகம். கோடையில் முட்டையிட்டது ஆர்க்டிக் கரையில், மரமே முளைக்காத பனிப்பிரதேசத்தில். அங்கிருந்துதான் இங்கே பறந்து வந்திருக்கிறது. ஐந்து ரூபாய்க் காசு மூன்றைக் கையில் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அந்தக் கனம். அந்தக் கனத்தில் இருதயமும் சிறகும் வழி தெரிந்த மூளையும் இருக்கின்றன. திரும்பிப் போவதற்கு முன் அது உடம்பில் கொழுப்பு சேர்த்தாக வேண்டும். வழிச்சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போக அதற்கு வேறு பாத்திரம் கிடையாது. தை, மாசி, பங்குனியில் நம் சேற்றில் அது குத்துகிற ஒவ்வொரு குத்தும் அந்தக் கணக்கில்தான் சேருகிறது.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் ஒரு வேன் வந்து நின்றது. ஒன்பது மணி இருக்கும். இறங்கியவர்கள் பூநாரையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். அதில் தப்பில்லை. ஆனால் டிரைவர் பழக்கப்பட்டவர் போலிருக்கிறது, ஹாரனை அழுத்திப் பிடித்தார். இரண்டு பையன்கள் கைதட்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினார்கள். கூட்டம் மொத்தமாக எழும்பியது. பூநாரை சிறகை மடித்திருக்கும்போது ஒளிந்திருக்கும் செந்நிறமும் கறுப்பும் பறக்கும்போதுதான் முழுசாக வெளியே வரும். அழகுதான், மறுக்கவில்லை. எல்லோரும் படம் எடுத்தார்கள், ஐந்து நிமிடத்தில் வேன் போய்விட்டது. பூநாரைகள் வடக்கே வெகு தூரத்தில் கோடு மாதிரி இறங்கின. உள்ளான்களும் போய்விட்டன. எங்கள் முன்னால் வெறும் தண்ணீர்.

பேத்தி கேட்டாள்: "அதெல்லாம் சாப்பிட்டு முடிச்சிருச்சா?"

முடிக்கவில்லை என்றேன். வேறென்ன சொல்வது? எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரு நாளில் இப்படி எத்தனை வேன் வரும்? ஒவ்வொரு முறை எழும்பும்போதும் சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் கரைகிறது, மேய்கிற நேரமும் போகிறது. நேயர்களே, உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வண்டி டிரைவர் ஹாரன் அடிக்கப் போனால், வேண்டாம் தம்பி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்தச் சிவப்பைப் பார்க்க வேறு வழி இருக்கிறது. அரைமணி, முக்கால் மணி பேசாமல் உட்கார்ந்தால் கூட்டத்தில் ஏதாவது ஒன்று தானாகவே சோம்பல் முறிப்பது போல ஒரு சிறகை முழுக்க விரிக்கும். கையில் விசிறி விரிவது போல அந்தச் சிவப்பு விரிந்து, சாவகாசமாக மடங்கும். பறக்கும்போது தெரிவதைவிட அப்போதுதான் நன்றாகத் தெரியும்.

2025 ஜூன் 5ஆம் தேதி, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று, தமிழ்நாடு அரசு தனுஷ்கோடியில் 524 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பைப் பெரிய பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவித்தது. எனக்கு அன்று பொங்கல் மாதிரி இருந்தது. இந்தக் கரையில் வாகனம் பெருகியது 2017இல் அரிச்சல்முனை வரை ரோடு போட்ட பிறகு. சரணாலயம் அதற்குப் பிறகு எட்டு வருடம் கழித்து வந்தது. வந்ததே, அது பெரிது.

வேன் போன பிறகு நாங்கள் முனைப் பக்கம் போனோம். பழைய ஊருக்கு அருகில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து வரிசையாக ஆட்கள். வலையின் மடி கரையை நெருங்க நெருங்க ஆலாக்கள் கூடிவிட்டன. ஏதாவது ஒன்றுக்கு ஏங்கி அலைகிறவனை 'ஆலாய்ப் பறக்கிறான்' என்கிறோமே, அந்தச் சொல்லுக்கு இந்தப் பறவையை நேரில் பார்த்தால் வேறு விளக்கமே வேண்டாம். தலையைக் கீழே தொங்கவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு இங்கும் அங்கும் பறக்கும். திடீரென்று சிறகை ஒடுக்கிக் கல் விழுவது போல விழும். மஞ்சள் அலகோடு இருந்தவை பெரிய கொண்டை ஆலா. கேரட் போலச் சிவந்து தடித்த அலகோடு ஒன்று வந்தது. ஆலாக்களில் அதுதான் பெரியது. கயிறு பிடித்திருந்த பெரியவர் ஒருவர், "ஆலா எங்க விழுதோ அங்க மீன் மேயுதுன்னு அர்த்தம்மா. எங்களுக்கு அதுதான் குறி" என்றார். அத்தான் அவரிடம் நகரை மீன் பற்றி விசாரிக்கப் போய்விட்டார், அது தனிக் கதை.

அங்கேயே ஓரத்தில் கரைக்கொக்கு ஒன்று, சிலேட்டுக் கறுப்பு. கொக்கு என்றால் ஒற்றைக் காலில் அசையாமல் நிற்கும் என்றுதான் நமக்குப் பழக்கம். இது ஓடுகிறது, திரும்புகிறது, சிறகை விரித்துத் தண்ணீரில் நிழல் போடுகிறது. மேலே விராலடிப்பான் என்கிற மீன்பிடிக் கழுகு ஒன்று மீனோடு போனது. மீனின் தலை முன்னால் பார்க்க, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாகப் பிடித்திருந்தது. காற்றை மீன் கிழித்துக்கொண்டு போகட்டும் என்று அப்படி ஒரு பிடி. நான் தேடிப்போன நண்டுண்ணி மட்டும் அன்று கண்ணில் படவில்லை. வெள்ளையும் கறுப்புமாகத் தடித்த அலகோடு இருக்கும், மணலில் வளை தோண்டி முட்டையிடும் பறவை அது. அடுத்த வருடம் பார்க்கலாம்.

கோயிலுக்குப் போய்வந்து, மதியம் சாப்பிட்டு, திரும்புவதற்கு முன் மறுபடி அதே இடத்துக்கு வண்டியை விடச் சொன்னேன். அக்கா எதுவும் சொல்லவில்லை, அவளே துண்டை விரித்து உட்கார்ந்தாள். மாலை நாலரை மணி. வண்டிகள் எல்லாம் முனைப் பக்கம் போய்விட்டிருந்தன. காலையில் துரத்தப்பட்ட பூநாரைகளில் ஒரு பகுதி, நடந்தே, மேய்ந்துகொண்டே, எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. பேத்தி முழங்காலில் பைனாகுலரை ஊன்றி, உதடு மட்டும் அசைய எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்திமூன்று. அங்கே நிறுத்திவிட்டாள்.

ஏன் நிறுத்தினாள் என்று திரும்பிப் பார்த்தேன். கொசு உள்ளான் ஒன்று ஈர மணல் ஓரமாகக் குத்திக்கொண்டே வந்து, அவள் கழற்றி வைத்திருந்த செருப்புக்கு இரண்டு முழத்தில் நின்றிருந்தது. கறுத்த சின்னக் கால். முதுகில் ஒவ்வொரு இறகின் விளிம்பும் தெரிந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். அது செருப்பைச் சுற்றிக்கொண்டு, ஒரு புழுவை இழுத்து விழுங்கி, அதே வேகத்தில் குத்திக்கொண்டே போயிற்று.

வணக்கம்.