மொய்னாவின் முதுகில் சக்கர உயிரி

அவையோருக்கு வணக்கம். மதுரை வண்டியூர்க் கண்மாயிலோ மாடக்குளத்திலோ பாசி பிடித்த ஓரத்தில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர் மொண்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துள்ளித் துள்ளி நீந்தும் வெள்ளைப் புள்ளிகள் கண்ணில் படலாம். அலங்கார மீன் வளர்ப்பவர்கள் அதை மொய்னா என்பார்கள். இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. அளவு 1 மில்லிமீட்டர் அளவில்தான். அதன் முதுகிலும் சவாரி செய்ய ஆள் உண்டு.

அந்தச் சவாரிக்காரர்தான் ரோட்டிஃபர், சக்கர உயிரி. தலையிலுள்ள மயிர் போன்ற குறு இழைகள் வரிசையாக அலையடிப்பதால் சக்கரம் சுழல்வதுபோலத் தோன்றும். நிஜத்தில் எதுவும் சுழலவில்லை. உடம்பு முழுவதற்கும் சுமார் 1000 செல்கள். அதற்குள்ளேயே தாடை, குடல், கழிவுநீக்கக் குழாய் எல்லாம் அடக்கம்! மொய்னா போன்ற நீர்த்தெள்ளுகளின் மேல் ஏறுவதில் பேர்பெற்றது பிராக்கியோனஸ் ரூபென்ஸ். கால் நுனியில் பசை சுரந்து ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டுண்ணி என்று சொல்லிவிடாதீர்கள். சுமப்பவரின் உடம்பை அது தின்பதில்லை; தண்ணீரிலுள்ள பாசியைத்தான் தின்கிறது. ஆனால் சுமப்பவருக்கும் அதே பாசிதானே சாப்பாடு? கூட்டம் பெருகினால் பாரமும் பங்காளிச் சண்டையும் சேர்ந்து நீச்சல் தளரும், வளர்ச்சி குன்றும். மொய்னா சட்டை உரிக்கும்போது சவாரிக்காரரும் சட்டையோடு கழன்றுவிடுவார். மறுபடி ஆள் தேட வேண்டும். ஐரோப்பாவின் குளங்களில் அசெல்லஸ் என்ற ஓட்டுயிரியின் மேல் ரொட்டேரியா சோசியாலிஸ் இப்படித்தான் கூட்டமாக வாழ்கிறது. அது அட்டை மாதிரி ஊர்ந்து இடம் மாறும். ரொட்டேரியா அடங்கிய ரோட்டிஃபர் பிரிவில் ஆண் என்பதையே இதுவரை யாரும் கண்டதில்லை.

பார்ப்பது எப்படி? உயிரோடுதான் பார்க்க வேண்டும். பலரும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டுவிட்டு ஏமாறுகிறார்கள். ரொட்டேரியா போன்றவை உருண்டையாகச் சுருங்கி அடையாளமே தெரியாமல் போய்விடும். பாட்டிலைப் பாதிதான் நிரப்புங்கள், ஈரத்துணி சுற்றி நிழலில் வையுங்கள். மதுரை வெயிலில் மூடிய பாட்டில் சீக்கிரமே வெந்துவிடும். குழாய்த் தண்ணீர் சேர்க்காதீர்கள், குளோரின் கொன்றுவிடும்.

கண்ணாடித் தகட்டில் நாலைந்து பஞ்சு இழை போட்டு, அதன்மேல் மொய்னாவோடு ஒரு துளி விடுங்கள். இழைகளுக்குள் அது ஓட்டம் அடங்கும். துளியின் மேல் வைக்கும் மெல்லிய மூடுதகட்டின் நாலு மூலையிலும் வாசலைன் பொட்டு வைத்தால் நசுங்காது. நுண்ணோக்கியில் முதலில் 40 மடங்கு, பிறகு 100 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள்.

வோர்டிசெல்லாவை ரோட்டிஃபர் என்று எண்ணுவது அடிக்கடி நடக்கும் தப்பு. அது ஒரு செல் உயிரி. தொட்டால் அதன் காம்பு ஸ்பிரிங்போலச் சுருளும். சந்தேகம் வந்தால் உடம்புக்குள்ளே பாருங்கள். உணவை அரைத்துக்கொண்டே இருக்கும் தாடை தெரிந்தால் அது ரோட்டிஃபர்.

கண்மாய் வற்றிவிட்டதா? காய்ந்த வண்டலில் ஒரு கைப்பிடி அள்ளி, குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். பிராக்கியோனஸின் உறங்கு முட்டையும் மொய்னாவின் உறங்கு முட்டையும் அந்த வண்டலிலேயே கிடக்க வாய்ப்பு உண்டு. முதல் வாரம் முழுக்கத் தினமும் ஒரு துளி எடுத்துப் பாருங்கள்.