சொன்னால் படிப்பு நின்றுவிடும்

வணக்கம் நேயர்களே. கரையில் வலை பொத்திக்கொண்டே கேட்பவர்களுக்கும், அடுப்படி வேலைக்கு நடுவில் கேட்பவர்களுக்கும் வணக்கம். பெண்களின் உடையும் பாதுகாப்பும் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் நான். உடை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அம்மாவின் பாசிச் சட்டை.

அம்மா பாம்பனில் கடலில் இறங்கிக் கடல்பாசி எடுக்கப் போனவர். சேலையை இழுத்துச் செருகி, அதற்கு மேலே அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக் கழுத்துவரை பொத்தான் மாட்டுவார். விரல் ஒவ்வொன்றுக்கும் கிழிந்த துணியைச் சுற்றிக்கொள்வார். பாறை கீறும், சொறிமீன் பட்டால் உடம்பெல்லாம் தடித்துவிடும். முந்தானை பாறையில் மாட்டினால் மூச்சே போய்விடும். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்களுக்கு உடையைத் தீர்மானிப்பது கடல். சின்னப்பாலத்து லட்சுமி அக்காவும் இந்தத் தொழிலிலிருந்து வந்தவர்தான். தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தருகிற சீகாலஜி விருதை 2015-ல் அமெரிக்காவில் வாங்கினார்.

ஆனால் வேலை முடிந்து, ஈரத்துணி உடம்போடு ஒட்டியிருக்கக் கரையேறுவார்கள் பாருங்கள், அப்போது வேறு கண்கள் வந்துவிடும். "கடலுக்குள்ள பயமில்ல, கரையேறி வீடு போய்ச் சேர்ற வரைக்கும்தான்" என்பார் அம்மா. அதனால்தான் அவர்கள் தனியாக நடக்கவே மாட்டார்கள். நாலைந்து பேர் சேர்ந்து, சத்தமாகப் பேசிக்கொண்டுதான் வருவார்கள்.

நான் பத்தாவது படித்தது பாம்பன் தீவிலிருந்து கடலைத் தாண்டி, மண்டபம் ஊரில். ரோட்டுப் பாலம் 1988-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் எங்களுக்கு ரயிலை விட்டால் வழி இல்லை. கூட்ட நெரிசலில் ஒருவன் தினமும் என் பின்னால் வந்து நிற்பான். எப்படி நிற்பான் என்று இங்கே விவரிக்க வேண்டாம், கேட்கிற பெண்களுக்குத் தெரியும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அப்பத்தாவிடம் சொன்னேன். "தாவணிய எப்படிப் போட்டிருந்த?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அப்பத்தா கெட்டவர் இல்லை, என் மேல் உயிரையே வைத்திருந்தவர். அவருக்கு அந்தக் கேள்வியைத்தான் கேட்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அடுத்த இருபது நாள் நான் பள்ளிக்குப் போகவில்லை. காலாண்டுப் பரீட்சை போயிற்று. அவன் மட்டும் அதே ரயிலில் போய்வந்துகொண்டிருந்தான்.

இது எனக்கு ஆறிய காயம்தான். ஆனால் அதே கேள்வி இன்னும் ஆறாமல் இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன். நான் ஆசிரியையாக இருந்தபோது எட்டாவது படித்த ஒரு பெண், ஐந்து மாதமாக ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி வெயிலில் நடந்து வந்திருக்கிறாள். விசாரித்தால் அழுகிறாள், பேருந்தில் ஒருவன் தொல்லை கொடுக்கிறானாம். "டீச்சர், வீட்ல சொல்லிடாதீங்க, படிப்ப நிறுத்திடுவாங்க." பள்ளிச் சீருடை, அதன் மேல் ஷால், அதற்கு இரண்டு பின். அந்தக் குழந்தை இன்னும் எதைச் சரிசெய்து உடுத்த வேண்டும், சொல்லுங்கள்?

கீழக்கரையிலும் தொண்டியிலும் பர்தா போட்டுப் போகும் பெண்களும், நைட்டிக்கு மேலே துண்டு போட்டுக் குழாயடிக்கு வருபவர்களும், சேலையில் மீன்கூடை சுமப்பவர்களும் எந்த உடை போட்டாலும் தொல்லை ஒரே மாதிரிதான் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். 2024 டிசம்பரில் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கடற்கரை அருகே, பெண்கள் உடைமாற்றும் தனியார் அறையில் ரகசியக் கேமரா வைத்திருந்ததாக இரண்டு பேர் கைதானார்கள். கடலில் நீராட வந்த பெண்கள், ஈரத்துணியை மாற்ற ஒரு மறைவு வேண்டும் என்றுதான் அந்த அறைக்குள் போனார்கள். கதவைப் பூட்டிக்கொண்டவர்களிடம் உடை ஒழுக்கம் பேச முடியுமா? இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் இப்படி ஒளிந்து படமெடுப்பதற்கு முதல் தடவையே ஓராண்டிலிருந்து மூன்றாண்டு வரை சிறை. வேண்டாம் என்று சொன்ன பிறகும் பின்தொடர்வது 78-ஆம் பிரிவு.

சரி, ஜாக்கிரதை வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். விடியற்காலையில் மீன் எடுக்கத் துறைக்குப் போகிற பாதையில் விளக்கு எரிய வேண்டும். இருட்டிய பிறகு ஒதுங்குவதற்குக் கருவேலங்காட்டுப் பக்கம் போக வேண்டிய நிலை ஒரு பெண்ணுக்கும் வரக் கூடாது. கழிப்பறை வேண்டும், அதில் தண்ணீர் வர வேண்டும். ஜாக்கிரதை என்றால் எனக்கு இதுதான்.

பேருந்தில் போகிற பிள்ளைகளுக்கும் ஓட்டுநர், நடத்துநர் தம்பிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் மாநிலத்துப் பேருந்து நிலையம் ஒன்றில் ஒரு பெண்ணிடம் முறைகேடாக நடந்துகொண்டது பற்றிய வழக்கில், 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சில உத்தரவுகள் போட்டது. ஓடும் பேருந்தில் ஒரு பெண் புகார் சொன்னால் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு ஓட்டிப் போக வேண்டும், தவறினால் பெர்மிட் ரத்தாகும் என்பது அதில் ஒன்று. "இறங்கிப் போம்மா, எதுக்கு வம்பு" என்று சொல்ல நடத்துநருக்கு உரிமை கிடையாது. பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098. போனில் படத்தை வைத்து மிரட்டினால் 1930. இந்த எண்களை அரிசி டப்பா மேலே எழுதி ஒட்டிவையுங்கள்.

அப்புறம் அந்த எட்டாம் வகுப்புப் பெண். அவளிடம் கேட்டு, அவள் சம்மதித்த பிறகுதான் அப்பாவைக் கூப்பிட்டேன். விசைப்படகில் போகிறவர். நான் சொல்லி முடிக்கும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எனக்கு உள்ளூரப் பயம்தான், அப்பத்தாவின் கேள்வி வந்துவிடுமோ என்று. "எந்த பஸ்சு டீச்சர்?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

கடலுக்குப் போகாத நாட்களில் அவர் அதே பேருந்தில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்தார். நடத்துநரிடம் ஆளை அடையாளம் காட்டினார், காவல் நிலையத்தில் எழுதியும் கொடுத்தார். அந்தப் பெண் மறுபடியும் பள்ளி வாசலிலேயே இறங்க ஆரம்பித்தாள். அந்த மாதம் வருகைப் பதிவேட்டைக் கூட்டிப் போட்டவள் நான். அவள் பெயருக்கு நேரே ஒரு நாள்கூட விடுப்பு இல்லை.

நன்றி, வணக்கம்.